அட்டை இல்லாத இடிமுகன்

நம் காமிக்ஸ் குழுவின் அட்மின் போன வாரம் கூரியரில் எனக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். மறுபூமி வரிசை மொத்தமும் ஒரே தொகுதியாக மறுபதிப்பு வந்திருக்கிறதாம். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனம். உள்ளே ஒரு சீட்டு. "ஏற்காட்டுக்காரம்மா, உங்கள் கடையில் தொங்கிய புத்தகங்கள்தானே, பால்ய நினைவாக இனிப்பாக நாலு வரி எழுதுங்கள், குழுவில் போடலாம்." நீங்களெல்லாம் அதற்குள் இதயக்குறியாகப் போட்டுக் குவித்துவிட்டீர்கள். அந்த நாள் திரும்பி வந்தது என்கிறார் ஒருவர். காவியம் என்கிறார் இன்னொருவர்.

காவியமாம். இனிப்பாக எழுத எனக்கு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தை மேசைமேல் குப்புறத்தான் வைத்தேன். என் வயதுக்காரர்கள் நீங்கள், ஐம்பதைத் தாண்டிவிட்டோம் எல்லோரும். இன்னும் நாலு இதயக்குறி போடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். உள்ளே அரிசி, பருப்பு, மிளகு, காபித்தூள். வாசலில் குறுக்கே கட்டிய சணல் கயிற்றில் துணிக்கிளிப் போட்டு வாரப் பத்திரிகைகளும் காமிக்ஸும் தொங்கும். காலையில் முதல் பஸ்ஸில் கட்டு வரும். பிரித்தால் மண்ணெண்ணெயும் பசையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன், இடிமுகன் இரண்டு பேர். ஒருவன் அசல் வரிசையில் வருகிறவன். பறப்பான், குத்துவான், கடைசிப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துச் சிரிப்பான், ஒரு தும்மல்கூட வராது அவனுக்கு. இன்னொருவன் மறுபூமி வரிசையில் வருகிறவன். நம் பூமி மாதிரியே இன்னொரு பூமி இருந்து, அங்கேயும் ஒரு இடிமுகன் இருந்தால் எப்படி இருப்பான் என்பது யோசனை. அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைப்பவன். பறக்கத் தெரியாது. சக்தியைக் கூப்பிட்டால் வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை ஒரு பக்கம் முழுக்க நாலு கட்டமாக வரைந்திருப்பார்கள். வசனம் ஒன்றும் இருக்காது. கழுத்து நரம்பு மட்டும் கட்டத்துக்குக் கட்டம் அசையும். முதல் ஆறு இதழும் அப்படித்தான் இருந்தன, அதைக் காவியம் என்றால் நானும் தலையாட்டுவேன்.

அது விற்கவில்லை. அசல் வரிசை வந்த மூன்றாம் நாளே காலியாகிவிடும். மறுபூமி மாசம் முழுக்கக் கயிற்றிலேயே தொங்கும். விற்காததைச் சேலம் ஏஜென்ட்டுக்கு ரிட்டன் அனுப்ப ஒரு வழக்கம் உண்டு. முழுப் புத்தகத்தையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டாம், அட்டையை மட்டும் கிழித்துக் கட்டி அனுப்பினால் போதும். மிச்சம் உடம்பு. அப்படித்தான் சொல்வார் அத்தா, "அட்டையக் கட்டி வை, ஒடம்பப் பொட்டலத்துக்குப் போடு" என்று. அட்டை கிழிப்பது என் வேலை. கிழித்த உடம்புகள் கல்லாவுக்குப் பின்னால் பழைய பேப்பர் அடுக்கில் போய்ச் சேரும். பொட்டலம் ஆவதற்குள் எத்தனை வேண்டுமானாலும் நான் எடுத்துக்கொள்ளலாம்.

என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரு கரடியூர்க்காரி படித்தாள். தலைமுறை தலைமுறையாக மலையில் காடு வைத்திருக்கும் குடும்பம், ராகியும் சாமையும் போட்டு, நாலு காபிச்செடி, நாலு ஆரஞ்சு மரம். பள்ளிக்கூடம் விட்டதும் சாயங்கால பஸ் வரும்வரை எங்கள் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பதினாலு வயதில் ஓர் அண்ணன். மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, காய்ச்சல் போய், நெஞ்சில் கோளாறை விட்டுவிட்டுப் போயிருந்தது. மேடு ஏற முடியாது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தான். அவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டும் என்று கயிற்றில் தொங்கும் அசல் இடிமுகனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை நான் தொட்டால் அத்தா தோலை உரித்துவிடுவார். நான் கொடுக்கக்கூடியது அட்டை இல்லாத மறுபூமி மட்டும்தான்.

"அட்டையே இல்லியே புள்ள. பளசா?" என்றாள்.

"இதுதான் நெசமான இடிமுகன். கயித்துல தொங்கறது டவுன்காரங்களுக்குப் போடற காப்பி. நெசமானதுக்கு அட்டை போட மாட்டாங்க."

என் வாயிலிருந்து அப்படியே வந்தது. கொடுக்கிற பொருள் மட்டம் என்று தெரிந்தால் என்னை மட்டமாக நினைப்பாளே என்ற பயம், வேறொன்றுமில்லை. அவள் நம்பினாள். இது வேறொரு பூமியின் கதை என்ற அறிவிப்பு ஒவ்வொரு இதழிலும் அட்டையில்தான் அச்சாகியிருக்கும். அட்டைதான் சேலத்துக்குப் போய்விடுமே.

மாசம் ஓர் உடம்பு கரடியூருக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா "வா கண்ணு, பலாச்சொளை சாப்புடு" என்று தட்டில் வைத்தார். அண்ணன் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் கழுத்து நரம்பு வெளியே தெரிகிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். மடியில் அந்த நாலு கட்டப் பக்கம் விரிந்திருந்தது.

"இத எளுதுனவனுக்கு நெஞ்சுவலி இருந்திருக்கோணும் புள்ள," என்றான். "இல்லாட்டி இது தெரியாது."

ஏற்காடு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இதய வால்வு கெட்டுப்போயிருக்கிறது, மெட்ராஸுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைப்பான், தாமதித்தால் கஷ்டம் என்று அங்கேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். செலவை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கடிதம் சேர்வராயன் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி இருந்தது. மலை உச்சிக் கோயில் குகையில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்ததில் சாமியும் உத்தரவு கொடுத்துவிட்டது. அவனுடைய அப்பாதான் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அத்தா கேட்கும்போதெல்லாம் "புள்ள கத்தின்னா பயப்படுதுங்களே, நான் என்னங்க பண்ணறது" என்பார். பயந்தது யார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏழாவது இதழில் மறுபூமி இடிமுகன் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டான். அவனுடைய உயிர்நண்பனான டாக்டரிடம் போய், "எனக்கும் பயம்தான். இருந்தாலும் வருகிறேன்" என்கிறான். அந்த உடம்பை நான் மூன்று வாரம் தாமதமாகத்தான் கொடுத்தேன். அது கரடியூருக்குப் போன மறுநாள் காலையில் கரடியூர்க்காரி பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். அண்ணன் அவன் அப்பாவிடம் "போலாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டானாம். அடுத்த புதன்கிழமை கிளம்புகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் கைப்பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம்.

ஆனால் எங்கள் கடைக்கயிற்றில் அன்றைக்கு எட்டாவது இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரன் பிள்ளைக்கு எல்லாம் ஒரு மாசம் முன்னால் தெரிந்துவிடும். நான் அதைப் படித்திருந்தேன்.

இங்கேதான் உங்கள் காவியத்தின் யோக்கியதை வருகிறது. விற்பனை இல்லை என்றதும் "வாசகர்களின் விருப்பத்துக்கு இணங்க" என்று ஆசிரியர் பக்கத்தில் ஒரு பீற்றல். பழைய ஓவியரைக் காணோம். புதிதாக வந்தவருக்கு வாயில் ஒழுகும் எச்சிலும் பிதுங்கிய குடலும் தவிர எதுவும் வரையத் தெரியாது. எட்டாவது இதழில் அந்த டாக்டர் நண்பன் இடிமுகனை மேசையில் படுக்கவைத்து, நெஞ்சைப் பிளந்து, இதயத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, அடுத்த கட்டத்தில் கடிக்கிறான். "உன் இதயம் இவ்வளவு ருசியா!" என்று வசனம். ஏன் கடிக்கிறான்? காரணம் ஒரு மண்ணும் கிடையாது. ஆறு இதழ் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், ஏழாவதில் கையைப் பிடித்து அழுதவன், எட்டாவதில் கடிக்கிறான். மட்டமான சிவப்பு மை தாளுக்குப் பின்பக்கம் வரை ஊறிப்போய், புரட்டினால் விரலில் ஒட்டும். நான் சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண்ணில் ரெண்டு நாள் இருந்தது.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புதன்கிழமை போகும்வரை அது கரடியூருக்குப் போகக் கூடாது. திங்கட்கிழமை ரிட்டன் நாள். அட்டைகளைக் கிழித்துக் கட்டினேன். உடம்புகளைப் பழைய பேப்பர் அடுக்கின் அடியோ அடியில் செருகினேன். பேப்பரை ஒளிக்கப் பேப்பருக்குள் போலப் பத்திரமான இடம் உண்டா என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

அன்றைக்கு மத்தியானம் மழை. கடைக்கூரை ஓட்டில் ஒழுகி அடுக்கின் மேல்பக்கம் நனைந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கரடியூர்க்காரியின் அப்பா பயணத்துக்குச் சாமான் வாங்க வந்திருக்கிறார். பையனுக்கு ரயிலில் சாப்பிட அவல், பொட்டுக்கடலை, வெல்லம். மேலே இருக்கும் பேப்பர் ஈரம் என்று அத்தா அடியிலிருந்து உருவிப் பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறார்.

வெல்லப் பொட்டலத்தைப் பிரித்தவன் அந்தப் பையன்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கரடியூர்க்காரி கடைக்கே வந்து நின்றாள். "அண்ணன் வரமாட்டேங்குது புள்ள. இடிமுகன அறுத்துத் தின்னுட்டாங்கன்னு சொல்லுது. அந்தப் பேப்பர மடியிலயே வெச்சிருக்குது. நெசமா?"

அத்தா அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னும் பஸ் ஏறாத ரிட்டன் கட்டிலிருந்து எட்டாவது இதழின் அட்டையை உருவிப் பாவாடையில் சொருகிக்கொண்டு அவளோடு கரடியூர் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அட்டையைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்படியொரு நம்பிக்கை.

"இதப் பாருங்கண்ணா," என்றேன். "இது வேற பூமிங்க. அட்டையிலயே போட்டிருக்குது பாருங்க. நெசமான இடிமுகன் சாவல. நாந்தான் பொய் சொல்லிப்புட்டேன்."

அவன் அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"நெச ஆளுக்கு நெஞ்சுவலி வருமா?"

"வராதுங்கண்ணா. ஒண்ணுமே வராது."

"பறப்பானா?"

"பறப்பானுங்க."

அவன் கழுத்து நரம்பு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப அவன் எனக்கு எதுக்கு," என்றான். "இந்த ஆளுதான் என்னைய மாதிரி. இந்த ஆளு செத்துட்டான்."

பிறகு அட்டையை மடங்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "உங்கத்தா தேடுவாரு, கொண்டுபோயிரு."

அவனுடைய அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டியா கண்ணு, புள்ளையே வேண்டாங்குது" என்றார் என்னைப் பார்த்து. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வருத்தப்பட்ட முகம் இல்லை அது, தலையிலிருந்து மூட்டையை இறக்கிய முகம். அம்மா கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, துணிகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

பதினாலு வயதுப் பையன் வேண்டாம் என்றால் ஆபரேஷனை நிறுத்திவிடுவதா? நிறுத்தினார்கள். நான் வீடு திரும்பியதும் அட்டையை எடுத்துக்கொண்டு போனதற்காகவும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதற்காகவும் அத்தா என்னை அறைந்தார். அழுதுகொண்டே நடந்தது முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கருமம், இனிமே தொட்டீன்னா பாரு" என்றார், அவ்வளவுதான். அந்தப் பையனின் அப்பா அத்தா சொல்லைத் தட்டாதவர். ஒரு நடை கரடியூருக்குப் போய் "கூட்டிட்டுப் போப்பா" என்று அதட்டியிருந்தால் புதன்கிழமை கிளம்பியிருப்பார். அத்தா நல்ல மனிதர்தான். ஆனால் தவறு காமிக்ஸில் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார், அதனால் அவருக்கு மேற்கொண்டு வேலை இல்லாமல் போய்விட்டது. டாக்டரம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "மனசு மாறட்டுமுங்க" என்று பையனின் அப்பா திருப்பி அனுப்பினார்.

ஐப்பசி அடைமழையில் அந்த அண்ணன் இறந்துபோனான்.

கரடியூர்க்காரி இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் வந்தாள். சாயங்காலம் வழக்கம்போல் கடையில் உட்கார்ந்தாள். கயிற்றில் மறுபூமியின் புது இதழ் தொங்கியது. இந்தத் தடவை அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், "இடிமுகன் சாகவே இல்லை! நீங்கள் பார்த்தது போலி உடல்!" என்று. ஆளைக் கொன்றும் விற்கவில்லை, அதனால் எழுப்பிவிட்டார்கள். அவள் எழுந்து போய், யாரையும் கேட்காமல், கிளிப்பை எடுத்து அதைப் புரட்டினாள். அத்தா பார்த்தார், அன்றைக்குத் தடுக்கவில்லை.

"விக்கலீன்னா எளுப்பிருவானுவளா?" என்றாள்.

நான் பழைய பேப்பர் அடுக்கை நேராக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டு மாசம் முந்தி எளுப்பியிருக்கலாமில்ல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தை இருந்த இடத்தில் கிளிப் போட்டு மாட்டினாள். விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்கப்புறம் அந்த வரிசை இன்னும் நாலைந்து இதழ் இழுத்தது. இதழுக்கு ஒருவரை வெட்டினார்கள். அடுத்த இதழில் அவரே சிரித்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரே பக்கத்தில் கடல் பொங்கி மறுபூமி மொத்தமும் முழுகியது. கீழே ஒரு வரியில் "இத்துடன் இவ்வரிசை நிறைவு பெறுகிறது." அந்த அட்டைகளையும் நான்தான் கிழித்தேன்.

காமிக்ஸ் அவனைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போன வால்வும், சாக்குத் தேடிய பெரியவர்களும் போதும் அதற்கு. ஆனால் அந்தச் சாக்கைச் சிவப்பு மையில் அச்சடித்தவன் ஒருவன். அதை நிசம் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். இதை நினைத்தால் யார்மேல் காறித் துப்புவது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, ஒரு நாளைக்கு ஒருவர்மேல் துப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அட்மின் அனுப்பிய தொகுதியைப் பையில் போட்டுக்கொண்டு கரடியூர் போனேன். கரடியூர்க்காரி இப்போது வியூ பாயிண்டில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறாள், கூடவே மிளகும் காபித்தூளும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள். "செத்த நேரம் இருங்க" என்றாள்.

"அந்த உக்காந்து மூச்சு வாங்கற பக்கம் எங்க புள்ள?" என்றாள்.

முன்னுரையை எடுத்துப் படித்துக் காட்டினேன். "இன்றைய வாசகர்களின் பொறுமையைக் கருதி முதல் ஆறு இதழ்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன." நாலு கட்டமும் இல்லை. டாக்டர் கடிக்கிற கட்டம் மட்டும் இரண்டு பக்கம் முழுக்கப் பெரிதாக்கி, பளபளவென்று, புதுச் சிவப்பில் இருக்கிறது. நீங்கள் குழுவில் படம் பிடித்துப் போட்டு இதயக்குறி வைத்த பக்கம் அதுதான்.

அவள் ஒரு தாளைக் கிழித்து மிளகுக்குப் பொட்டலம் மடித்துப் பார்த்தாள். தாள் வழுக்கி மடிப்பு விட்டது. இரண்டாம் தடவையும் விட்டது.

"இது பொட்டலத்துக்குக்கூட ஆவல," என்று சொல்லி அடுப்புப் பக்கம் வைத்தாள். கெட்டி அட்டையைப் பிய்ப்பதற்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அட்மின் அவர்களே, எங்கள் கடை வழக்கப்படி அட்டையை மட்டும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடங்காமல் வந்து சேரும். இங்கே இது விற்கவில்லை.